'சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது': கணினி மறுத்ததை எதிர்த்துக் கேட்கும் வழி

அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த கடை என்னுடையது. திங்கட்கிழமை காலையில்தான் கூட்டம் அதிகம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு நாள் என்பதால், பஸ் ஏறுவதற்கு முன்பே மனு எழுத வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு மனுவிலும் ஒரு ஆள் இருப்பார். பட்டா மாற்றித் தராத அலுவலர், பாதையை அடைத்த பக்கத்து வயல்காரர், இப்படி யாராவது. இப்போது வருகிற பல மனுக்களில் ஆளே இல்லை. "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிட்டுன்னு சொல்லுதாவ தம்பி. யாருகிட்டப் போய்க் கேக்க?"

கேட்க ஆள் உண்டு. கணினிக்குச் சட்டத்தில் பதவி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. திரையில் வருகிற முடிவு, சட்டத்தின் கண்ணில் ஏதோ ஓர் அலுவலரின் அல்லது நிறுவனத்தின் முடிவுதான். அந்த ஆளைக் கண்டுபிடித்து அவரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. மனு எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதும், அதற்காகச் சட்டம் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கின்றன.

இப்படி ஓர் உரிமை நமக்கு இருக்கிறதா?

ஐரோப்பாவில் நேராகவே இருக்கிறது. 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22-ஆம் பிரிவு, ஒருவர் வாழ்க்கையைப் பாதிக்கிற முடிவை முழுக்க முழுக்க இயந்திரத்தின் கையில் விடுவதைக் கட்டுப்படுத்துகிறது. விதிவிலக்காக அனுமதிக்கும் இடங்களில்கூட, மனிதர் ஒருவர் தலையிட்டுப் பார்க்கவும், நம் தரப்பைச் சொல்லவும், முடிவை எதிர்க்கவும் வழி வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கி பெரும்பாலும் கிரெடிட் ஸ்கோரை (ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று போடும் மதிப்பெண்ணை) வைத்தே முடிவெடுக்கிறது என்றால், அந்த ஸ்கோரைப் போடுவதே ஒரு தானியங்கி முடிவுதான் என்றது.

நம்மிடம் அப்படி ஒரே பிரிவாக இல்லை. பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 8(3) என்று ஒரு சின்னப் பிரிவு உண்டு. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்கு அவருடைய தகவலைப் பயன்படுத்துவதாக இருந்தால், அந்தத் தகவல் முழுமையாக, சரியாக, முரண்பாடில்லாமல் இருப்பதை நிறுவனமே உறுதி செய்ய வேண்டும் என்கிறது. தகவலைக் கேட்டுப் பார்க்க 11-ஆம் பிரிவு, திருத்தக் கேட்க 12, குறை சொல்ல 13. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் இந்த முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம், ரிசர்வ் வங்கி விதிகள், நுகர்வோர் சட்டம் என்று பழைய ஆயுதங்களே போதும்.

இயந்திரம் தப்பே செய்யாது என்று யாராவது சொன்னால் ஆஸ்திரேலியக் கதையைச் சொல்லுங்கள். உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சராசரி போட்டு, "நீ கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு" என்று கணினி லட்சக்கணக்கானோருக்குக் கடன் எழுதியது. சீசன் வேலைக்குப் போகிறவருக்கு எல்லா வாரமும் ஒரே சம்பளமா வரும்? நம் ஊரில் நடவு வேலைக்கும் அறுவடைக்கும் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். அரசே பிறகு அதைச் சட்டவிரோதம் என்று ஒப்புக்கொண்டது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில் இதே மாதிரி ஆயிரக்கணக்கான குடும்பங்களை மோசடிக்காரர்கள் ஆக்கி, 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

சரி, நம் வேலைக்கு வருவோம்.

படி 1: வாய்ப் பேச்சை எழுத்தாக்குங்கள்

"ரிஜெக்ட் ஆயிட்டு" என்று கவுண்டரில் சொன்னதோடு திரும்பி வந்துவிட்டால், அப்படி ஒன்று நடந்ததற்கே சாட்சி இல்லை. முதல் வேலை, மறுப்பு எந்தத் தேதியில், எந்த விண்ணப்ப எண்ணுக்கு, என்ன காரணத்துக்காக என்பதைக் காகிதத்திலோ செல்போனிலோ பிடிப்பது. எஸ்.எம்.எஸ். வந்திருந்தால் அழிக்காதீர்கள். பெரியவர்கள் செல்போனைப் பேரன் கையில் கொடுக்க, அவன் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிடுவான். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முடிந்தால் ஒரு பிரிண்ட்.

காரணம் கேட்பது உங்கள் உரிமை. அரசு அலுவலகம் என்றால், தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(டி) பிரிவு, தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. வங்கி என்றால், எவ்வளவு சின்னக் கடனானாலும், கிரெடிட் கார்டானாலும், மறுத்ததற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் பழைய விதி. 2007 முதலே தொகை வரம்பு இல்லாமல் எல்லாக் கடனுக்கும் பொருந்துகிறது. இதை வங்கியில் சொன்னால் சில மேலாளர்கள் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

'தகுதி இல்லை', 'விதிமுறைப்படி இல்லை', 'தரவு பொருந்தவில்லை' என்று மூன்று சொல்லில் வருவதெல்லாம் காரணம் ஆகாது. எந்தத் தகுதி, எந்த விதி, எந்தத் தரவு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

படி 2: எந்த வரி தப்பு என்று தேடுங்கள்

இதுதான் மொத்தத்திலும் முக்கியமான படி. கணினி முடிவெடுக்கும் முறையைப் பெரும்பாலும் நாம் உடைக்க வேண்டியதே இல்லை. அது எங்கிருந்தோ எடுத்த ஒரு தகவல் தப்பாக இருக்கும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு உதாரணம். பந்தல், சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, 2014-இல் தன் பழைய வேனை விற்றார். ரொக்கம் வாங்கினார், சாவியைக் கொடுத்தார், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். பல வருடம் கழித்து அவர் வீட்டம்மா ஓர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்தார்கள். 'குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் உள்ளது' என்று மறுப்பு வந்தது. வீட்டு வாசலில் சைக்கிள்தான் நிற்கிறது. "எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க, நான் ஏறிப் போறேன்" என்றார் அந்த அக்கா. போக்குவரத்துத் துறையின் பரிவாகன் செயலியில் வேன் நம்பரைப் போட்டுப் பார்த்தபோது அது அண்ணாச்சி பெயரிலேயே நின்றது. வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்று, அது எந்த ஊரில் ஓடுகிறதோ, ஓடுகிறதா என்றே தெரியவில்லை. கணினியைப் பொறுத்தவரை வேன் இன்னும் அவர் வாசலில்தான்.

வாகனத்தை விற்றால் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் விற்றவரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. படிவம் 29, 30. இதை அன்றே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாவது இடம், பெயர். நம் பக்கத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வில்லங்கம். இசக்கியை ஒரு அலுவலகத்தில் 'ஐ' போட்டு எழுதுவார்கள், இன்னொரு இடத்தில் 'ஈ' போட்டு. கோமதி ஆதாரில் 'ஜி'-யில் தொடங்குவாள், வங்கியில் 'கே'-யில். இன்ஷியல் முன்னால் ஒரு அட்டையிலும் பின்னால் ஒரு அட்டையிலும் இருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு இரண்டு பேர். சில சமயம் அதற்கு நேர்மாறு, இரண்டு பேரை ஒரே ஆளாக்கிவிடும். ஒரே தெருவில் நாலு முத்துக்குமார் இருக்கிற ஊர் இது.

எனக்கே நடந்தது. பைக் கடனுக்கு விண்ணப்பித்தேன். மறுநாளே 'இல்லை' என்று செய்தி. என் கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், நான் பெயரே கேட்டிராத ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிக் கட்டாத கடன் ஒன்று என் கணக்கில் உட்கார்ந்திருந்தது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, பிறந்த தேதி வேறு. யாரோ என் பெயர்க்காரர்.

கிரெடிட் அறிக்கை தருகிற நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 300-இலிருந்து 900 வரை இருக்கிற அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். கீழே இறங்கி, ஒவ்வொரு கணக்கும் உங்களுடையதுதானா, கட்டி முடித்தது 'முடிந்தது' என்று இருக்கிறதா, 'செட்டில்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளுபடி பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்றுதான் போடுவார்கள். அது நல்ல பெயர் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு இடத்தில் மறுத்தார்கள் என்று அடுத்தடுத்து ஐந்து ஆப்பில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரை இன்னும் இழுக்கும். 'ஐயாயிரம் கொடுங்க, சிபிலைச் சரி பண்ணித் தாறோம்' என்கிறவர்களையும் நம்பாதீர்கள். அவர்கள் செய்வது நாம் இலவசமாகச் செய்யக்கூடியதுதான், இல்லையென்றால் மோசடி.

படி 3: சான்றுகளைச் சேர்ப்பது

கைரேகை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். முக்கூடல் பக்கம் நாற்பது வருடமாகப் பீடி சுற்றிய ஒரு பெரியம்மா. இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைக் கட்டி, கட்டைவிரல் ரேகை இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் சிவப்பு. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தார்கள், தேங்காயெண்ணெய் தடவி வைத்தார்கள், வேறு விரலை வைத்தார்கள். "நாளைக்கி வாங்க" என்றார்கள். நாளைக்கு மட்டும் ரேகை முளைத்துவிடுமா?

இதற்குச் சான்று எங்கே கிடைக்கும்? ஆதார் இணையதளத்திலேயே. உங்கள் ஆதார் எண்ணும், பதிவு செய்த செல்போனுக்கு வருகிற ஓ.டி.பி.யும் இருந்தால், கடந்த 6 மாதத்தில் எங்கெங்கே உங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது, எது தோற்றது என்ற பட்டியலைப் பார்க்கலாம். தோல்வி அடைந்த தேதியும் நேரமும் அதில் இருக்கும். 'இவர் கடைக்கே வரவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. அதை பிரிண்ட் எடுத்து மனுவோடு வையுங்கள்.

மற்றவற்றுக்கும் இதே வழிதான். வேன் விஷயத்தில் விற்ற ஒப்பந்தம், பணம் வந்த வங்கிக் கணக்கு வரி, வாங்கியவர் பெயரில் எடுத்த இன்சூரன்ஸ் இருந்தால் அது. நிலம் என்றால் பட்டா, அடங்கல். எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி அடுக்கி, வலது மூலையில் 1, 2, 3 என்று எண் போட்டு, மனுவில் 'இணைப்பு 3 பார்க்க' என்று சொல்லுங்கள். அலுவலருக்கு நேரம் மிச்சம், நமக்கும் நல்லது. அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

படி 4: மனு எழுதுவது

மூன்று பக்கம் வேண்டாம். குடும்பக் கஷ்டம் ஒரு வரி போதும். நான் எழுதிக் கொடுக்கும் மனு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா/அம்மா, ... தேதியில் ... என்ற விண்ணப்ப எண்ணில் நான் விண்ணப்பித்தேன். ... தேதியில் குறுஞ்செய்தி மூலம் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது (இணைப்பு 1). அதில் சொல்லப்பட்ட காரணம் '...'. இந்தத் தகவல் தவறானது. சரியான விவரம் ... (இணைப்பு 2, 3). எனவே, (1) என் விண்ணப்பத்தை அலுவலர் ஒருவர் நேரில் பரிசீலித்து, தேவைப்பட்டால் கள விசாரணை செய்ய வேண்டும். (2) நிராகரிப்புக்குப் பயன்படுத்திய தகவல் எந்தத் துறையின் பதிவிலிருந்து எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது எனத் தெரிவிக்க வேண்டும். (3) மீண்டும் நிராகரிப்பதாக இருந்தால் என் தரப்பைக் கேட்டு, காரணங்களுடன் எழுத்துப்பூர்வமான ஆணை வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

மூன்றாவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். ஒருவரைப் பாதிக்கிற முடிவுக்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இயற்கை நீதி. 1978-இல் மேனகா காந்தி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. 2023 மார்ச்சிலும், வங்கி ஒருவரின் கணக்கை 'மோசடி' என்று முத்திரை குத்தும் முன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வழக்கு எண்ணெல்லாம் மனுவில் போட வேண்டாம், சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மனு நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அந்தச் சீட்டைத் தொலைத்தால் பிறகு தொடர்வது கஷ்டம். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட். பழைய பதிவுத் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள்.

படி 5: எந்தக் கதவைத் தட்டுவது

இங்கேதான் ஆட்கள் அலைகிறார்கள். எல்லாவற்றுக்கும் கலெக்டர் ஆபீஸ் போவது நம் பழக்கம். சிலவற்றுக்கு அது சரியான கதவு, சிலவற்றுக்கு இல்லை.

ரேஷன். கைரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பியது. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி ஆதார் தீர்ப்பிலும், ரேகை பொருந்தாத ஒரே காரணத்துக்காகத் தகுதியானவரை விலக்கிவிடக் கூடாது என்ற கவலை இருக்கிறது. கடையில் கருவிழிக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். நடமாட முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி என்றால் வேறொருவர் வாங்கிவர அங்கீகாரச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். கடையில் தீராவிட்டால் தாலுகா ஆபீஸில் வட்ட வழங்கல் அலுவலர். போனில் புகார் என்றால் 1967. அந்தப் பெரியம்மாவுக்கு ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தும் சரியாக வரவில்லை, கருவிழியில்தான் பச்சை விழுந்தது.

அரசு உதவித்தொகை. ஒவ்வொரு திட்டத்துக்கும் மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று அதன் அரசாணையிலேயே இருக்கும். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம், நான்கு சக்கர வாகனம் என்று பல துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் சலித்தார்கள். மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியே வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. என் பார்வையில் இது நல்ல ஏற்பாடு. சலிப்பது கணினி, கடைசியாகப் பார்ப்பது ஆள். நம் மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என்று இரண்டு கோட்டங்கள். உங்கள் தாலுகா எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். தென்காசிக்காரர்கள் 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன பிறகும் பழக்கத்தில் கொக்கிரகுளம் வந்து திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கடன், கிரெடிட் ஸ்கோர். தப்பான கணக்கைத் திருத்தச் சொல்லி அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் கடன் கொடுத்ததாகச் சொல்கிற நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். அறிக்கை நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவர் சரி என்றால்தான் மாற்றும். இரண்டும் சேர்ந்து 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. என் விஷயத்தில் 26-ஆம் நாள் சரியானது. நூறு ரூபாய் பயம்தான் என்று நினைக்கிறேன். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரில் தொடங்கிய திட்டம், கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், விவரம் கேட்க 14448. முதலில் வங்கிக்கு எழுதாமல் நேரே இங்கே போனால் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் படி 4-இன் தேதி முத்திரை முக்கியம்.

மருத்துவக் காப்பீடு. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் மூன்று பேர் கொண்ட கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்த மருத்துவக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. எனவே மறுப்புக் கடிதம் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "குழு எந்தத் தேதியில் பார்த்தது, என்ன எழுதியது?" பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர். மறுத்து ஓராண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை.

கேமரா அபராதம், டோல். கேமரா எடுத்த அபராதம் என்றால் நம்பர் பிளேட் தெரிகிற படம், இடம், தேதி, நேரம் எல்லாம் நோட்டீஸில் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 3-ஐ 8 என்று படித்து வேறு வண்டிக்கு வந்த நோட்டீஸ் என் கடையிலேயே பிரிண்ட் ஆகியிருக்கிறது. இ-சலான் தளத்தில் புகார் பதியலாம், நீதிமன்றத்தில் மறுக்கலாம். வண்டி வீட்டில் நிற்கும்போது ஃபாஸ்டாகில் நாங்குநேரி டோல் காசு போனதாக எஸ்.எம்.எஸ். வந்தால் 1033-க்கும், டேக் கொடுத்த வங்கிக்கும் அன்றே சொல்லுங்கள்.

டெலிவரி ஐ.டி. பிளாக். பாளையங்கோட்டைப் பையன்கள் இதற்காக வருவார்கள். ராத்திரி வரை ஓடியிருப்பான், காலையில் ஆப் திறக்காது, பேசினால் பதில் சொல்வதும் ஒரு இயந்திரம். உண்மையைச் சொன்னால், நம் மாநிலத்தில் இதற்கு இன்னும் வலுவான பிடி இல்லை. கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் இல்லாமல் ஆளை நீக்கக் கூடாது, கணினி எப்படி வேலை பிரிக்கிறது என்பதைத் தொழிலாளி தெரிந்துகொள்ளலாம் என்றெல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் அமைத்த கிக் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். மற்றபடி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல், தொழிலாளர் துறைக்கு நகல். தனியாகப் போவதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து போனால் பலன் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய சேவை எதுவானாலும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், எதிர்த்தரப்பின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இலவச அரசு உதவிக்கு இந்தக் கதவு திறக்காது.

படி 6: பதில் வராவிட்டால் ஆர்.டி.ஐ.

மனு கொடுத்து ஒரு மாதம் ஆகியும் சத்தமில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் மறுத்தீர்கள் என்று மட்டும் கேட்டால் 'விதிப்படி' என்று ஒரு வரி வரும். பதிவேடுகளைக் கேளுங்கள்: என் விண்ணப்பத்தின் கோப்பு நகல், ஒப்பிட்ட தரவின் பிரிண்ட், அந்தத் தரவு எடுத்த தேதி, நிராகரிப்புக்கு ஒப்புதல் கொடுத்த அலுவலரின் பதவி, மேல்முறையீட்டு அலுவலரின் பதவியும் முகவரியும், கள விசாரணை நடந்திருந்தால் வி.ஏ.ஓ. அறிக்கை நகல். நான்காவது கேள்விதான் வேலை செய்கிறது. 'கணினி' என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த அலுவலருக்கும் மனம் வராது. பெரும்பாலும் பதில் வருவதற்கு முன்பே கோப்பு நகர ஆரம்பித்துவிடும்.

பதில் இல்லையென்றால் அதே துறையின் மேல் அலுவலரிடம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தனியார் வங்கி, தனியார் நிறுவனங்களுக்கு ஆர்.டி.ஐ. நேராகச் செல்லாது.

படி 7: வக்கீல் எப்போது?

பென்ஷன் நின்றுவிட்டது, வேலை போனது, ரேஷன் கார்டே ரத்தாகிவிட்டது என்கிற அளவுக்குப் போனால் தாமதிக்க வேண்டாம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போன் 15100. அரசு அலுவலகம் மனுவைப் பரிசீலிக்கவே இல்லை என்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். தெலங்கானாவில் கணினி அலசலுக்குப் பின் ரத்தான 19 லட்சம் ரேஷன் கார்டுகள் விஷயத்தில், ஆட்களை நேரில் அனுப்பிச் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீலிடம் பேசும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

படி 8: வேரையும் திருத்துங்கள்

மேல்முறையீட்டில் ஜெயித்தவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. அந்த வேன் அண்ணாச்சியும் செய்யவில்லை. வி.ஏ.ஓ. வந்து வாசலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், 'வாகனம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார், இரண்டு மாதத்தில் அக்காவுக்குப் பணம் வந்துவிட்டது. கடைக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் போக்குவரத்துத் துறைப் பதிவில் வேன் அப்படியே இருந்தது. அடுத்த வருடம் மகனுடைய படிப்பு உதவிக்கு விண்ணப்பித்தபோது அதே வேன் குறுக்கே வந்து நின்றது.

இந்த முறை முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனார்கள். வாங்கியவரைத் தேடிப் பிடிக்க ஆறு வாரம் ஆனது. ஆள் வள்ளியூரில் இருந்தார், வேனைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேரையும் உட்காரவைத்து எழுதி வாங்கி, பதிவை ரத்து செய்ய மனுக் கொடுத்திருக்கிறோம். அண்ணாச்சி இப்போது மாதம் ஒரு தடவை கடைக்கு வந்து, "வண்டி எம்பேர்ல நிக்கா, போயிட்டான்னு பாருடே" என்று செல்போனை நீட்டுவார். போன வாரம் பார்த்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தது.